புற்றீசலும் வரப்பு எலியும்

ஏதேனும் ஒன்று திடீரென்று ஏராளமாகப் பெருகிவிட்டால், "புற்றீசல் போலக் கிளம்பிவிட்டது" என்று சொல்வது நம் வழக்கம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் தொழிற்சாலைகள் பெருகியதற்கும் இந்த உவமை நன்கு பொருந்தும். 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தில் சம்பாவும் நவரையும் சொர்ணவாரியும் விளைந்த வட்டாரத்தில் இன்று அகன்ற சாலைகளும் ஆலைகளும் தொழிலாளர் விடுதிகளும் நிற்கின்றன.

உவமை வழக்கில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் இளைஞர்களில் எத்தனை பேர் ஈசல் புற்றிலிருந்து கிளம்புவதைக் கண்டிருப்பார்கள்? அது ஒரு மழைக்கால உணவு என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? வயலில் எலி பிடிப்பதைப் பற்றிய அறிவோ, 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தில் பார்த்த அளவோடு பலருக்கு நின்றிருக்கும்.

எல்லோரும் ஈசலும் எலியும் உண்ண வேண்டும் என்று வற்புறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எதை எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்ற ஓர் இயற்கை அறிவு இவ்வுணவுகளுடன் இணைந்து வந்தது. அந்த அறிவு எத்தகையது, அதை இழந்தால் நேரும் நட்டம் என்ன என்பதைக் காண்போம்.

ஈசல் என்பது எது?

ஈசல் தனி இனப் பூச்சி அன்று. சிறகு முளைத்த கறையானே ஈசல். கறையானை 'வெள்ளை எறும்பு' என்று சிலர் அழைத்தாலும் அது எறும்பின் உறவினம் இல்லை. பூச்சி நூலார் அதைக் கரப்பான் பூச்சியின் வரிசையில் சேர்க்கின்றனர். ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும். இறக்கை எறும்புக்கோ முன் சிறகு பெரிது, பின் சிறகு சிறிது, இடையும் ஒடுங்கியிருக்கும். இந்த வேறுபாட்டை வைத்து இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

ஒரு புற்றில் வேலைக்காரக் கறையான்களும் காவல் கறையான்களும் உண்டு. இவற்றுக்குச் சிறகில்லை. புதிய குடியிருப்பைத் தொடங்க வேண்டிய ஆணும் பெண்ணும் மட்டுமே சிறகு பெறுகின்றன. நல்ல மழை பெய்து மண் நனைந்து, காற்று அடங்கி, ஈரப்பதம் மிகுந்திருக்கும் வேளையில் இவை கூட்டமாக வெளியேறுகின்றன.

மழைக்குக் காத்திருப்பது ஏன்? இதற்கு இயற்பியல் விடை தரும். ஒரு பொருள் சிறியதாக ஆக, அதன் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகமாகிறது. ஆகவே சிறு பூச்சியின் உடல் விரைவில் நீரை இழக்கும். மெல்லிய தோலுடைய கறையான் வறண்ட காற்றில் அதிக நேரம் தாங்காது. ஈரக் காற்று நீரிழப்பைக் குறைக்கிறது. நனைந்த மண் புதிய வளை தோண்ட இடம் தருகிறது. சிறிது தூரம் பறந்து இறங்கியதும் ஈசல் தன் சிறகுகளை உதிர்த்துவிடுகிறது. இணை சேர்ந்தவை மண்ணுக்குள் புகுந்து அரசனும் அரசியும் ஆகின்றன. ஆனால் கரிச்சானும் மைனாவும் தவளையும் பல்லியும் எறும்பும் தின்றது போக, அந்நிலையை எட்டுபவை மிகச் சிலவே.

விளக்கும் குழியும்

ஈசல் உண்ணும் வழக்கம் பழமையானது. புறநானூற்றின் 119ஆம் பாட்டில், பாரியின் நாட்டு வளத்தை நினைவுகூரும் கபிலர், செம்புற்றின் ஈசலை மோருடன் சேர்த்துப் புளிப்பாகச் சமைத்த உணவைக் குறிப்பிடுகிறார். அக்காலத்தில் இதன் பெயர் 'ஈயல்'.

கிராமத்தில் ஈசல் பிடிப்போர் மழை விட்ட பின் புற்றின் வாயைக் கவனிப்பார்கள். காவல் கறையான்கள் துளைகளில் கூடத் தொடங்கினால் ஈசல் புறப்படப் போகிறது என்பது பொருள். புற்றின் அருகே சிறு குழி வெட்டி அதன் மேல் விளக்கு வைப்பார்கள். விளக்கைச் சுற்றும் ஈசல் குழியில் விழும். அதை அள்ளி, வாணலியில் எண்ணெய் விடாமல் வறுத்து, முறத்தில் புடைத்தால் சிறகுகள் பறந்துவிடும். வறுத்த அரிசியோ பொட்டுக்கடலையோ சேர்த்து உண்பார்கள்.

பூச்சிகள் விளக்கை ஏன் சுற்றுகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தந்தது. அதிவேக அகச்சிவப்புப் படக்கருவிகளால் பல வகைப் பூச்சிகளைப் படமெடுத்த ஆய்வாளர்கள், அவை விளக்கை நோக்கி நேராகப் பறப்பதில்லை என்று கண்டனர். இரவிலும் தரையைவிட வானமே வெளிச்சமானது. எனவே வெளிச்சமுள்ள பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் பறந்தால் நிலை தவறாது. பக்கத்தில் விளக்கு ஒன்று எரிந்தால் பூச்சி அதற்கு முதுகைத் திருப்புகிறது. உடல் சாய்கிறது, பாதை வளைகிறது, சுற்றிச் சுற்றி அங்கேயே சிக்கிக்கொள்கிறது.

சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பூச்சிகளை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. நீல ஒளி கலந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கு அதைவிட அதிகம் ஈர்க்கிறது. ஆகவே தொழிற்பேட்டைச் சாலையிலும் விடுதி வாயிலிலும் எரியும் விளக்குகள், யாரும் வைக்காத ஈசல் பொறிகளாகவே அமைகின்றன. மழை பெய்த மறுநாள் காலையில் அவற்றின் கீழ் குவிந்து கிடக்கும் சிறகுகளைக் குப்பையாகப் பெருக்கித் தள்ளுகிறோம்.

சிறிய உடலில் பெரிய சேமிப்பு

புதிய அரசனும் அரசியும் மண்ணுக்குள் புகுந்த பின் முதல் தலைமுறை வேலைக்காரர்கள் வளரும் வரை வெளியிலிருந்து உணவு கிடைக்காது. அதுவரை உடலில் சேர்த்த கொழுப்பையும், இனிப் பயன்படாத பறக்கும் தசைகளையும் கரைத்தே அவை உயிர் வாழ்கின்றன. ஈசல் கொழுப்பு மிக்கதாக இருப்பதன் காரணம் இதுவே. உலர்ந்த ஈசலின் எடையில் மூன்றில் ஒரு பங்கும், சில இனங்களில் அதற்கு மேலும் கொழுப்பாக இருக்கிறது. புரதமும் கணிசமாக உண்டு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும், ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரியும் தருவதை எண்ணினால், இவ்வுணவின் மதிப்பு விளங்கும். இறைச்சி வாங்க இயலாத குடும்பங்களுக்கு இது மழை தந்த வரவாக இருந்தது.

வரப்பு எலியும் புகைக் கலயமும்

ஈசல் மழைக்கால உணவு என்றால் எலி அறுவடைக்கால உணவு. வயல் எலிகளில் பல வகை உண்டு. வரப்பில் வளை தோண்டி நெற்கதிர்களைச் சேமிப்பது ஒன்று. புன்செய் மேட்டில் வாழும் வெள்ளெலி மற்றொன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் வாழும் இருளர் மக்கள் எலி பிடிப்பதில் வல்லவர்கள். வளை வாயில் புதிதாகத் தள்ளிய மண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு இறைச்சியும் வளையில் சேர்ந்த நெல்லும் கிடைத்தன. உழவருக்குப் பயிர் மிஞ்சியது. வயலில் நஞ்சு இடத் தேவையில்லை.

இவர்கள் கையாண்ட மண் கலயத்தில் இயற்பியல் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. கலயத்தில் வைக்கோலை இட்டுக் கொளுத்தி, அதன் வாயை வளையோடு பொருத்தி, அடியிலுள்ள சிறு துளை வழியே ஊதுவார்கள். ஊத வேண்டியது ஏன்? 27 டிகிரி செல்சியசிலுள்ள காற்றை அதே அழுத்தத்தில் 327 டிகிரிக்குச் சூடாக்கினால் அடர்த்தி பாதியாகிவிடும். சூடான புகை மேலே எழவே முயலும். கீழ்நோக்கிச் செல்லும் வளைக்குள் தானாகப் புகாது. ஊதும் மூச்சின் அழுத்தமே அதை உள்ளே தள்ளுகிறது. மற்ற துளைகளை மண்ணால் அடைப்பதும் புகை வெளியேறாமல் இருப்பதற்கே.

ஆனால் ஊதுபவரின் வாய்க்கும் நுரையீரலுக்கும் இது பெருந்தீங்கு. இதற்கு மாற்றாக உருவாக்கப்பட்ட, கையால் சுழற்றிப் புகையைச் செலுத்தும் இரும்புக் கருவி 2003ஆம் ஆண்டு உலக வங்கி நடத்திய போட்டியில் பரிசு பெற்றது.

அறிய வேண்டிய எல்லைகள்

இன்று காட்டு உணவு பற்றிய காட்சிகள் கைப்பேசியில் ஏராளம். அவற்றில் பிடிப்பதும் சமைப்பதும் தெரிகின்றன, எல்லைகள் தெரிவதில்லை. இங்குதான் ஆபத்து இருக்கிறது.

முதலாவது, நஞ்சு. எலிக்கு வைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு, வயிற்றின் அமிலத்தில் பாஸ்பீன் என்ற கொடிய வாயுவை வெளியிடும். புரோமாடியோலோன் போன்ற நஞ்சுகள் எலியின் ஈரலில் தங்கும். ஆகவே செத்துக் கிடக்கும் எலியையும், நஞ்சு வைத்த இடத்து எலியையும் தொடவே கூடாது. கட்டட அடித்தளங்களில் கறையான் மருந்து செலுத்துவது பெருகிவிட்டதால், கட்டடங்களை ஒட்டி வரும் ஈசலும் நம்பத்தக்கதன்று.

இரண்டாவது, நோய். எலியின் சிறுநீர் வழியே எலிக் காய்ச்சல் பரவும். வெறுங்கையால் கையாளுவதும், புண்ணுள்ள காலுடன் வயல் நீரில் நிற்பதும் தீமை தரும். இறால் ஒவ்வாதவர்களுக்குப் பூச்சி உணவும் ஒவ்வாமல் போகக்கூடும்.

மூன்றாவது, சட்டம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எலியைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கியபோதும் எலிக்குப் பாதுகாப்பு வழங்கவில்லை. உடும்போ முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள உயிரினம். காட்டு முயல், கௌதாரி, காடை ஆகியவற்றை வேட்டையாடுவதும் குற்றமே. "தாத்தா காலத்தில் தின்றார்கள்" என்பது சட்டத்தின் முன் செல்லாது. அக்காலத்தில் இருந்த காடும் மேய்க்காலும் இன்றில்லை என்பதையும் எண்ண வேண்டும்.

யாருடைய அறிவு?

எலி உண்பவர் என்று சொல்லி ஒரு பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்தால், அப்பிள்ளை முதலில் மறைக்கக் கற்பது தன் பெற்றோரின் அறிவைத்தான். ஆனால் உலகின் போக்கைப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, மனிதர் உண்ணும் பூச்சியினங்கள் 1,900க்கு மேல் என்று கூறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் உலர்த்திய மாவுப் புழுவை உணவாக அனுமதித்தது. சிங்கப்பூர் 2024இல் 16 வகைப் பூச்சிகளுக்கு ஒப்புதல் தந்தது. அங்கே புதுமை என்று விற்பதை இங்கே இழிவு என்று மறைப்பது அறிவுடைமை ஆகாது.

இருளரின் அறிவுக்கு மதிப்புக் கிடைத்த சான்றும் நம்மிடம் உண்டு. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதால் அவர்கள் பிழைப்பு நலிந்தது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு நஞ்சை எடுத்து, மாற்று மருந்து தயாரிக்க அளித்து வருகிறது. இப்பணியில் சிறந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். தடம் பார்க்கும் அதே கண்தான் வரப்பில் எலி வளையையும் கண்டது.

இளைஞர்கள் செய்யக்கூடியது

அடுத்த மழைக்காலத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஈசல் வந்த நாள், நேரம், வெப்பநிலை, பெய்த மழை, எந்த நிற விளக்கை அதிகம் சுற்றியது என்பனவற்றை எழுதுங்கள். ஓர் ஊரில் பத்துப் பேர் மூன்று ஆண்டுகள் இதைச் செய்தால் பயனுள்ள ஆய்வுக் குறிப்பு கிடைக்கும்.

ஊரின் முதியவர்களிடம், இருளர் குடியிருப்பாயின் அவர்கள் இசைவுடன், எலி வளைகளின் வகைகளையும் ஈசல் வரும் அடையாளங்களையும் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களிலேயே எழுதி வையுங்கள். நிலம் ஆலைக்குப் போனால் இழப்பீடு கணக்கிட முடிகிறது. அந்த நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர்களின் அறிவு எழுதப்படாமல் போனால், அதை ஈடுசெய்ய வழியில்லை.