எண்ணிக்கை உயர்ந்தால் மருந்து தோற்றதா?

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை உயர்ந்தால், மருந்து பயனளிக்கவில்லை என்றே எவரும் அஞ்சுவர். ஆனால், நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்கான சில மாத்திரைகளில் இந்த உயர்வு மருந்து வேலை செய்வதன் விளைவே. இதை நோயாளிகளுக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம், செல்களின் மேற்பரப்பிலுள்ள ஒட்டு மூலக்கூறுகள். எலும்பு மஜ்ஜையில் ரத்த ஸ்டெம் செல்கள் விஎல்ஏ-4 என்னும் புரதத்தால் அண்டைச் செல்களின் விகேம்-1 புரதத்தைப் பற்றிக்கொண்டு நிலைகொள்கின்றன. முதிர்ந்த லிம்போசைட்டுகள் எல்-செலக்டின் துணையுடன் நிணநீர்க் கணுக்களுக்குள் நுழைகின்றன.

புற்றுநோய்ச் செல்களும் இத்தகைய பிடிமானத்தால்தான் கணுக்களில் தங்கி, உயிர்வாழ்வதற்கான சமிக்ஞைகளைப் பெறுகின்றன. 2014-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதிக்கப்பட்ட இப்ரூட்டினிப் மாத்திரை, பிடிகே என்னும் நொதியைத் தடுத்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. புகலிடம் இழந்த செல்கள் ரத்தத்துக்கு வந்து சேர்கின்றன. கணுக்களின் வீக்கம் வடிகிறது. ரத்தத்தில் எண்ணிக்கை ஏறுகிறது. பின்னர் மாதக்கணக்கில் அது படிப்படியாகக் குறைகிறது. சிலருக்கு ஓராண்டைக் கடந்தும் நீடிக்கும்.

இந்த உயர்வை மட்டும் வைத்து நோய் முற்றியதாகக் கருதலாகாது என்பது 2018-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். கணுக்கள் மீண்டும் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும். எண்ணைக் கண்டு அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

பரிசோதனை அறிக்கையுடன் இந்த விளக்கமும் நோயாளியின் கைக்குச் சேரட்டும்.