வாவிக்கரையில் ஒரு ஹரிக்கேன்

1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஹெர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்களால் அமிழ்த்தப்பட்டது. விமானந்தாங்கி எனப் பெயர் பெற்ற அக்கப்பலில் அன்று விமானம் ஒன்றேனும் இருந்திலது. திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்த ஹரிக்கேன் போர்விமானங்களோ அன்று காலை அத்துறைமுகத்தைக் காக்கப் பொருதியிருந்தன. கப்பலோடு முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வானொலியால் இயங்கும் மாதிரி விமானத்தை வாவிக்கரையிற் பறக்கவிட விழைவோர்க்கு அந்த ஹரிக்கேனே தக்கது. அதன் பின்னுடல் உலோகக் குழாய்ச் சட்டகத்தின்மேல் மரச்சலாகை பொருத்தித் துணி போர்த்தது. பால்சா மரச்சலாகையும் மென்றுணியும் கொண்டு அதன் தோற்றத்தை வழுவாது பின்பற்றலாம். சக்கரங்கள் அகன்று நிற்றலால் இறங்கும்போது எளிதிற் கவிழாது.

எட்டிலொரு பங்கு அளவெனின், 40 அடிச் சிறகு 5 அடியாகும். சிறகின் பரப்பு 64இல் ஒன்றாகும். எடை 512இல் ஒன்றாகும். முழுவிமானம் ஏறத்தாழ 7,500 இறாத்தல் ஆதலின், மாதிரி 15 இறாத்தல்வரை இருக்கலாமெனக் கணக்கு இடந்தரும். ஆயின் விமானத்தைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்கலாகாது. அதே காற்றிற் சிறுசிறகின் ஏந்துதிறன் குறைவு. வேகம் தணிந்ததும் சட்டென விழும். அதிற் பாதி எடையே நன்று. போலித் துப்பாக்கியும் சாயமும் மிகுத்து அழகு பார்ப்போர் இங்கேதான் இடறுகின்றனர்.

நிறைமையம் சிறககலத்தின் முன் காற்பங்கை ஒட்டி அமைதல் வேண்டும். மின்கலத்தை மூக்கினுள் தள்ளிவைத்து அதனைச் சரிசெய்வர்; ஈயம் சேர்ப்பது இறுதி வழி. உப்புக்காற்று மின்னிணைப்புகளை அரிக்குமாதலால், ஒவ்வொரு பறப்பின் முன்னும் சுக்கான்கள் அசைதலைச் சோதிக்க. கச்சான் காற்றுக் கடுகி வீசும் நாளிற் பறக்கவிடாமை நலம். மேற்கிலிருந்து வரும் அக்காற்று கட்டுத்தவறிய விமானத்தைக் கடலுக்கே கொண்டுபோகும்.