எழில் பாதையும் இமைக்காத விழியும்

சேலத்திலிருந்து குமரி நோக்கி ஓடும் 44 ஆம் எண் நெடுஞ்சாலையிலே, இராசிபுரம் தாண்டி நாமக்கல்லை நெருங்கும்போது, கிழக்கே கொல்லிமலை நீலமாய் நிமிர்ந்து நிற்கும். வல்வில் ஓரி ஆண்ட மலை! சேந்தமங்கலம் வழியே சென்று காரவல்லியில் ஏறினால், கொண்டை ஊசி வளைவுகள் 70. காரிலே வருவோர் வளைவுகளை எண்ணி வியக்கின்றனர், படமெடுத்து மகிழ்கின்றனர். மகிழட்டும், வேண்டாமென்போமா நாம்?

ஆனால் தோழர்களே, அதே நெடுஞ்சாலையிலே, லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லின் ஓட்டுநர் இரவெல்லாம் இமைக்காமல் வருகிறாரே, அவர் கண்ணுக்கு மலையா தெரிகிறது? தூக்கமல்லவா மலையாய் அழுத்துகிறது!

நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை, இரவில் தங்குமிடத்திலே ஓய்வறை என்று 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதியது. எழுதிய கையே, ஐந்து தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனங்களைப் பொதுவாக விலக்கியும் வைத்தது! ஒற்றை லாரியை நம்பி ஓடுபவர் யாரிடம் போய் முறையிடுவார்?

வளைவுக்கு வளைவு எண் பலகை நட்டார்கள்; நன்று. வழிநெடுக ஓய்வறையும் எழட்டும். சாலை, காட்சி காண்போருக்கு மட்டுமல்ல. கண்ணயர இடமின்றி உழைப்போருக்கும் உரியது. கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!