மண்ணுக்கேற்ற திராட்சை: பிரான்சு நாட்டு அனுபவம்

பிரான்சு நாட்டில் ஒயின் பாட்டிலின் மேல் பெரும்பாலும் திராட்சை இரகத்தின் பெயர் இராது; விளைந்த வட்டாரத்தின் பெயரே இருக்கும். எந்த வட்டாரத்தில் எந்த இரகம் பயிரிடலாம் என்பது சட்டப்படி வரையறுக்கப்பட்டுள்ளதே இதற்குக் காரணம்.

போர்தோ: மேற்குக் கடலை அடுத்த பகுதி. ஆற்றின் இடது கரையில் சரளை மண். நீர் விரைவில் வடிவதுடன், கற்கள் வெப்பத்தையும் தேக்கி வைக்கும். ஆகவே, தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோன் இங்கு ஏற்றது. வலது கரையில் குளிர்ந்த களிமண் மிகுதி. அங்கு முன்னதாகப் பழுக்கும் மெர்லோ சிறக்கிறது. பனியிலோ மழையிலோ ஒன்று பாதிக்கப்பட்டாலும் மற்றது கைகொடுக்கும் என்பதால், இரண்டையும் கலந்தே ஒயின் தயாரிக்கின்றனர்.

பர்கண்டி: சுண்ணாம்பு மண் சரிவுகள். சிவப்பு ஒயினுக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே என்று தனி இரகமே பயன்படுகிறது. அதிகம் காய்த்தாலும் தரம் குறைந்த கமே இரகத்தைப் பிடுங்கி எறியும்படி 1395-ல் கோமகன் பிலிப் ஆணையிட்டார். அதே கமே, தெற்கேயுள்ள போஜொலே பகுதியின் கருங்கல் பாங்கான மண்ணில் நல்ல பெயர் பெற்றுள்ளது.

ஷாம்பேன்: வடக்கே உள்ள குளிர்ப்பகுதி. பழத்தில் புளிப்பு மிகுதி. ஒயினுடன் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலிலேயே மீண்டும் நொதிக்க விடுகின்றனர். வெளியேற முடியாத வாயு ஒயினிலேயே கரைந்து, திறக்கும்போது நுரைக்கிறது. குளிரின் குறையே இங்கு நிறைவாயிற்று.

ரோன்: வடக்கே செங்குத்தான சரிவுகளில் சிரா, வெப்பம் மிகுந்த தெற்கே கிரனாஷ். மிஸ்த்ரல் என்னும் பலத்த காற்று இலைகளை உலர்த்துவதால் பூசண நோய்கள் குறைகின்றன.

பூச்சியும் போலியும்

1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்சிரா என்னும் பூச்சி வேரைத் தாக்கித் தோட்டங்களை அழித்தது. 1868-ல் பிளான்ஷோன் முதலிய அறிஞர்கள் அதை வேரில் கண்டறிந்தனர். மருந்துகள் முழுப் பலன் தராத நிலையில், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளில் உள்ளூர் இரகங்களை ஒட்டுக்கட்டியே திராட்சை காப்பாற்றப்பட்டது. இந்தியாவில் வறட்சியையும் உவர்த்தன்மையையும் தாங்கப் பயன்படும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியும் அமெரிக்க வழி வந்ததே.

பூச்சி ஏற்படுத்திய தட்டுப்பாட்டில் கலப்பட ஒயின் பெருகியது. பின்னர் உற்பத்தி மீண்டபோது விலை சரிந்தது. 1907-ல் தெற்குப் பகுதி விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். வெளியூர்த் திராட்சையை வியாபாரிகள் கொண்டுவந்து ஷாம்பேன் பெயரில் விற்றதால், 1911-ல் அங்கும் கலவரம் மூண்டது.

இதன் பயனாக 1935-ல் சட்டம் வந்தது. வட்டாரத்தின் பெயரைப் பயன்படுத்த எல்லை, இரகம், கவாத்து முறை, ஹெக்டேருக்கான உச்ச விளைச்சல் ஆகியவை நிர்ணயிக்கப்பட்டன. மகசூலைக் கட்டுப்படுத்தித் தரத்தைக் காத்ததால், ஓரிரு ஹெக்டேர் மட்டுமே உள்ளவரும் ஊரின் பெயருக்குரிய விலையைக் கேட்டுப் பெற வழி பிறந்தது.