உங்களுக்குத் தெரியுமா? – கை பழகினால் மூளையும் பழகும்!

◆ சங்கரன்கோவிலில் பூ கட்டும் பெண்களைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும், வாய் விலை பேசும். கை மட்டும் மல்லிகை மொட்டுகளை எதிரும் புதிருமாக வைத்து, நூலைச் சுற்றி இழுத்து முடிந்துகொண்டே போகும். இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் பூ நழுவிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்தப் பதத்தைச் சொல்வது கண் அல்ல, விரல் நுனி.

◆ ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களிலும் சேர்த்துச் சுமார் 17,000 தொடு உணர்வு நரம்பிழைகள் உண்டு. சுவீடனைச் சேர்ந்த யோஹான்சனும் வால்போவும் 1979-இல் வெளியிட்ட கணக்கு இது. விரல் நுனியில்தான் அவை மிக நெருக்கமாக இருக்கின்றன.

◆ பிடித்திருக்கும் டம்ளர் லேசாக வழுக்கினால் பத்தில் ஒரு வினாடிக்குள் பிடி தானாக இறுகிவிடும். வழுக்கியது நமக்குத் தெரிவதே அதற்குப் பிறகுதான்.

◆ உடம்பில் தொடப்படும் ஒவ்வோர் இடத்துக்கும் மூளையின் மேற்பரப்பில் தனி இடம் உண்டு. 1937-இல் மான்ட்ரியல் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டும் அவருடன் பணியாற்றிய போல்ட்ரேயும் அதை வரைபடமாகத் தந்தார்கள். முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் கொஞ்சம். கைக்கும் உதட்டுக்கும் கிடைத்ததோ தாராளம். அந்த வரைபடத்தில் கைக்குப் பக்கத்து இடம் முகம்! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கையை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத அந்தக் கையைத் தொட்டதுபோல் அவர்கள் உணர்ந்தார்கள். கைக்கான இடத்துக்குள் முகத்தின் செய்தி நுழைந்துவிட்டது என்பது அவர் தந்த விளக்கம்.

◆ புது வேலை ஒன்றைக் கை கற்கும்போது, கை எங்கே இருக்கிறது என்ற உணர்வும் மாறுமா? மாறும். ஆய்வாளர் டேவிட் ஆஸ்ட்ரியும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு ரோபோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் நகர்த்த வேண்டும். ரோபோ பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். பயிற்சி ஏற ஏற, அந்தத் தள்ளலைச் சமாளித்துக் கை நேராகப் போகக் கற்றுக்கொண்டது. பிறகு, “உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது?” என்று கண்ணால் பார்க்காமல் சொல்லச் சொன்னார்கள். பயிற்சிக்கு முன்பு சொன்னதிலிருந்து பதில் சற்று விலகியிருந்தது! இன்னொரு குழுவினர் கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ள, ரோபோவே அதே பாதையில் இழுத்துப் போனது. அவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. கை எங்கே இருக்கிறது என்ற உணர்வையே மாற்றியது, தானே முயன்று கற்றதுதான். எழுதக் கற்பதையும் இப்படிப் பார்க்கலாம்: குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ போட வைப்பது ஒரு தொடக்கம். குழந்தை தானே கோணலாக எழுதித் திருத்துகிறதே, படிப்பு அங்கேதான் நடக்கிறது.

◆ நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டினால் ஏன் சிரிப்பு வருவதில்லை? கை அசையும்போதே, வரப்போகும் தொடுதலை மூளை முன்கூட்டிக் கணித்துக் குறைத்துவிடுகிறது. இதில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு என்று 1998-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

◆ விசைத்தறியில் பாவு இழை அறுந்தால், தறிக்காரர் இரு நுனியையும் விரலிடையில் உருட்டி நொடியில் முடிந்துவிடுவார். மனித விரல் எவ்வளவு நுட்பமானது தெரியுமா? 2013-இல் சுவீடனில் நடந்த சோதனையில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்களையே விரல் தடவி வேறுபடுத்தியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்! இப்படிப்பட்ட விரலைப் பழக்கி வைத்திருப்பவரை ‘படிக்காத ஆள்’ என்று தள்ளுவது அநியாயம்.

◆ வயலின் போன்ற தந்திக் கருவி வாசிப்பவர்களின் மூளையில், தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இயங்குகிறது. ஜெர்மனியின் எல்பர்ட் குழு இதை 1995-இல் கண்டது. கட்டைவிரலைவிடச் சுண்டுவிரலில் மாற்றம் அதிகம். சிறு வயதிலேயே தொடங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். வீட்டில் வீணையோ வயலினோ சும்மா கிடந்தால் இந்த வருஷமே பிள்ளைகள் கையில் கொடுங்கள். நமக்கு வயதாகிவிட்டதே என்று பெரியவர்களும் ஒதுங்க வேண்டாம். ஆஸ்ட்ரியின் ரோபோவோடு மல்லுக்கட்டிக் கற்றவர்கள் எல்லோரும் பெரியவர்கள்தான்.