நகைச்சுவைப் படமும் மறு ஆக்கமும்

அழுகை ஆண்டு பல கழிந்தும் அழுகையாகவே நிற்கும், நகையோ அங்ஙனமன்று. நேற்றைய சிரிப்பு இன்று புளித்துப் போதலும் உண்டு. ஆகவே, பழைய குடும்ப நகைச்சுவைப் படமொன்றைப் புதிய தலைமுறைக்கு ஆக்கித்தர முற்படுவோர், எதனைக் காப்பது, எதனை மாற்றுவது என்று முதற்கண் தெளிதல் வேண்டும்.

இதற்குத் 'தில்லு முல்லு' நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஹிருஷிகேஷ் முகர்ஜி 1979இல் இந்தியில் ஆக்கிய 'கோல்மால்' படத்தை, கே. பாலசந்தர் 1981இல் ரஜினிகாந்தையும் தேங்காய் சீனிவாசனையும் கொண்டு தமிழில் அளித்தார். மீசையில்லாதவனுக்கு ஒழுக்கமில்லை, விளையாட்டில் நாட்டமுடையவன் வேலைக்கு உதவான் என்பது முதலாளியின் முடிபு. அம்முடிபுக்கேற்ப நடித்து வேலை பெறுகிறான் ஓர் இளைஞன். பந்தாட்டம் காணச் சென்று அகப்பட்டதும், அங்கிருந்தவன் தன் இரட்டைத் தம்பி என்கிறான். தம்பியாக மீசையை மழிப்பதும், அண்ணனாக ஒட்டு மீசை வைப்பதும், பொய்யான அன்னையொருத்தியைக் கொணர்வதும் அதிலிருந்து வளர்கின்றன.

இங்கு நகை எங்கிருந்து பிறக்கிறது? மீசையிலிருந்தா? அன்று. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் நகைக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் காட்டுவார். அவற்றுள் மடன் என்பதனை, பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாது நிற்றல் எனப் பேராசிரியர் விளக்குவார். நம் முதலாளியின் பிடிவாதம் அதுவே! மீசை அப்பிடிவாதம் பற்றிக்கொண்ட கொழுகொம்பு மட்டுமே. கொம்பு காலத்தால் மாறும், மடன் மாறுவதில்லை.

இளைஞன் கூறும் பொய்யை நாம் பொறுப்பதற்கும் காரணமுண்டு. வேலையின்மை அவனை நெருக்குகிறது. அந்நெருக்கடியை நீக்கிவிட்டால் அவன் வெறும் ஏமாற்றுக்காரனாகி விடுவான். குடும்பத்தோடு அமர்ந்து சிரிக்க மனம் வராது.

இதனை உணர்ந்தோர் துணிந்து மாற்றினர். இந்தியில் ஹாக்கியாக இருந்த ஆட்டம் தமிழில் கால்பந்தாயிற்று. 2012இல் ரோகித் ஷெட்டி ஆக்கிய 'போல் பச்சன்', பொய்யின் தோற்றத்தையே மாற்றியது. நீரில் மூழ்கும் குழந்தையைக் காக்கக் கோயிற் பூட்டை உடைக்கிறான் இசுலாமிய இளைஞன். அவனைக் காக்க நண்பன் இந்துப் பெயரொன்றைச் சொல்லிவிடுகிறான். வேலைபற்றிய அச்சம் இருந்த இடத்தில் சமயம்பற்றிய அச்சம் வந்தமர்ந்தது. தமிழிலும் 2013இல் பத்ரியின் இயக்கத்தில், சிவா நடிக்க, 'தில்லு முல்லு' மீண்டும் வந்தது.

இவ்வகைத் தழுவல் நமக்குப் புதிதன்று. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டைப் பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' ஆக்கியபோது, பெயரும் சூழலும் தமிழாயின. மைந்தனின் துயரம் அதுவாகவே நின்றது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலும் பயன்படுத்தலாம். பழைய நகைச்சுவைக் காட்சியொன்றைக் காட்டி, "இன்றைய பெரியவர்கள் இளைஞரை எதனைக்கொண்டு அளக்கிறார்கள்?" என்று மாணவரை வினவுக. தேர்வுப் புள்ளியா, உடையா, கையிலுள்ள கைப்பேசியா? அவர்கள் கூறும் விடையே இக்காலத்து மீசை. அதனைக் கண்டவன் மறு ஆக்கம் செய்யலாம். காணாதவன் செய்வது வெறும் படியெடுப்பே.