சுடாமலே தோற்றது ஜெர்மனியில்... சுட்டது இந்தியாவில்! ஒரு விமானத் துப்பாக்கியின் கதை

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. சேலம், நாமக்கல் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழைய கதை பிடிக்கும். ஒரு டிசைன் எப்படி கைமாறுது பாருங்க.

பிரச்சினை என்ன?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்த 20 மி.மீ. குண்டுகள் சுமார் 20 படணும், 30 மி.மீ. என்றால் நாலைந்தே போதும் என்பது ஜெர்மானியர்களின் கணக்கு. அவர்களிடம் இருந்த 30 மி.மீ. துப்பாக்கியான எம்.கே.108-ல் குண்டின் வேகம் குறைவு. ரொம்ப கிட்டப் போய்த்தான் சுடணும்.

மவுசர் நிறுவனம் யோசித்த வழி, சினிமாவில் பார்க்கிற ரிவால்வர்தான். சாதாரணத் துப்பாக்கியில் குண்டு ஏற்றுவது, சுடுவது, காலித் தோட்டாவைத் தள்ளுவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். மவுசரின் எம்.ஜி.213-ல் ஒரே குழலுக்குப் பின்னால் ஐந்து அறைகள் கொண்ட உருளை சுழலும். ஒரு அறை சுடும்போதே இன்னொன்றில் குண்டு ஏறும், மற்றொன்று காலியாகும். நிமிடத்துக்குச் சுமார் 1,200 குண்டுகள்!

ஆனால் மாதிரிகள் தயாரான கட்டத்திலேயே 1945-ல் போர் முடிந்துவிட்டது. ஜெயித்தவர்கள் டிசைனை அள்ளிக்கொண்டார்கள். பிரிட்டனில் ஏடன், பிரான்சில் டெஃபா, அமெரிக்காவில் எம்39. ஆளுக்கொரு பெயர், அவ்வளவுதான்.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

பிரிட்டிஷ் விமானங்களோடு. ஹண்டரில் நான்கு ஏடன், குட்டி விமானமான நாட்டில் இரண்டு. 1971 டிசம்பர் 5-ல் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தாக்கிய ஹண்டர்கள் ராக்கெட்டோடு இந்தத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தின.

இதைவிட சுவாரஸ்யம் மாருத். போரில் ஜெர்மனிக்காக ஃபோக்கவுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டாங்க், பெங்களூரு ஹெச்.ஏ.எல்.லில் உருவாக்கிய விமானம் அது. 1961 ஜூன் 17-ல் முதல் முறை பறந்தது. ஜெர்மானியர் வடிவமைத்த விமானத்தில் ஜெர்மன் பூர்வீகத் துப்பாக்கி, ஆனா பிரிட்டன் வழியா! நான்கையும் சேர்த்துச் சுட்டால் அதிர்வுப் பிரச்சினை வந்தது வேறு கதை.

இப்பவும் இருக்கா?

ஜாகுவாரில் ஏடன், மிராஜ் 2000-ல் டெஃபா. ரஃபேலில் இருப்பதும் சுழல் உருளை கேனன்தான்.

2018-ல் நம்ம சூலூருக்கு வந்த தேஜஸில் இருப்பது ரஷ்ய வடிவமைப்பான இரட்டைக்குழல் ஜி.எஸ்.ஹெச்-23. ஒரு குழல் சுடும் விசையில் மறு குழலுக்குக் குண்டு ஏறும். இந்த யோசனையும் முதல் உலகப் போர் கால ஜெர்மானியர் கார்ல் காஸ்ட் தந்ததுதான்.